மொறிஸ் மைனருக்கு ஒரு மூடி

காருக்குள் குடை பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் மனிதரை நீங்கள் பார்த்திருக்கிறீர்களா? நான் அப்படி ஒருவரைக் கல்யாணமே கட்டியிருக்கிறேன்.

மூன்று வாரத்துக்கு முன் ஒரு காலை. சுருவிலில் எங்கள் வீட்டு முற்றம். பச்சை நிற மொறிஸ் மைனர் கார். உள்ளே என் கணவர், கையில் குடை. வெளியே நான், கையில் வாளி. காரின் கூரையில் நான் தண்ணீரை ஊற்றுவேன். எங்கே ஒழுகுகிறதென்று அவர் உள்ளேயிருந்து சொல்லவேண்டும். வேலை அவ்வளவுதான். ஒழுக்கைப் பார்க்க வைத்தவர் குடையை விரித்துக்கொண்டால் எதைப் பார்ப்பது? கேட்டால், தான் ஏற்கனவே குளித்துவிட்டாராம்.

அது சாதாரணக் கார் இல்லை. கூரையை மடித்துப் பின்னால் தள்ளிவிட்டு வானத்தைப் பார்த்தபடி போகலாம். தகரக் கூரைக்குப் பதிலாகக் கன்வஸ் துணி. 'ஹூட்' என்போம். கார் என்னுடையதும் இல்லை. கனடாவில் இருக்கும் என் அண்ணை போனமுறை வந்தபோது ஆசைப்பட்டு வாங்கி, எங்கள் முற்றத்தில் விட்டுவிட்டுப் போனது. கூடவே கட்டளைகள். கிழமைக்கு ஒருதரம் ஸ்ராட் பண்ணவேண்டும்... கோழியை உள்ளே விடக்கூடாது... ஆனால் எல்லாவற்றுக்கும் மேலே முதலாவது கட்டளை ஒன்று இருந்தது. பனைக்குக் கீழே விடவே கூடாது.

நான் முப்பது வருடம் பிள்ளைகளுக்குக் கணக்குப் படிப்பித்தவள். கொளுத்தும் வெயில். கார் வெயிலில் நிற்கிறது. வளவில் இருக்கும் ஒரே நிழல் பனையடி. இந்தக் கணக்கை யாரும் எப்படிச் செய்வார்கள்? நானும் அப்படியே செய்தேன். ஆவணி மாதம், பனை பழுக்கும் காலம் என்பதை மட்டும் கூட்ட மறந்துவிட்டேன்.

மறுநாள் விடிய, பணியாரம் சுடுவதற்குப் பனம்பழம் பொறுக்கப் போனேன். நிலத்தில் மூன்று பழம் கிடந்தது. நாலாவது பழம் காரின் பின் சீற்றில் இருந்தது. வேலணைக்குப் பஸ் ரிக்கற் எடுத்த மாதிரி, வசதியாக நடுவில். மேலே ஹூட்டில் ஒரு முழ நீளத்துக்குக் கிழிசல்.

அண்ணை வர இன்னும் பத்து நாள். அவர் வந்து ஐந்தாம் நாள் அவருடைய மகள் ஆரணிக்குக் கல்யாணம். மாப்பிள்ளை வேலணை. எங்கள் வழக்கப்படி பெண் வீட்டார் போய்த்தான் மாப்பிள்ளையை அழைத்துவர வேண்டும். பெண்ணின் சகோதரன் தோழனாகப் போவான். அண்ணையின் ஆசை என்னவென்றால்... ஹூட்டை மடித்துவிட்டு, மாப்பிள்ளையையும் தோழனையும் தலைப்பாகைகளோடு பின் சீற்றில் இருத்தி, தானே ஓட்டிக்கொண்டு, ஊர் முழுக்கப் பார்க்கச் சுருவிலுக்கு வரவேண்டும். காரை வாங்கியதே இதற்குத்தான் என்பது என் சந்தேகம். அப்போது ஆரணிக்கு மாப்பிள்ளைகூடப் பார்க்கவில்லை.

உடனே அண்ணைக்குச் சொல்லியிருக்கலாமே என்பீர்கள். சொல்லத்தான் போனை எடுத்தேன். அவர் முந்திக்கொண்டு, வீடியோவில் காரை ஒருக்காக் காட்டு என்றார். என் கணவர் என் முகத்தைப் பார்த்தார். சத்தம் போடாமல் ஒரு பாயை எடுத்து வந்து கிழிசலுக்கு மேல் விரித்தார். அது என்ன பாய் என்று அண்ணை கேட்டார்.

"வெயில் படாமல் விரிச்சு வைச்சிருக்கிறம் அண்ணை," என்றேன். என் வாய்தான் சொன்னது.

அண்ணை உருகிப்போனார். தன் பொருளை இவ்வளவு கவனமாகப் பார்க்க உலகத்தில் என்னைவிட்டால் ஆள் இல்லை என்றார். அன்று மத்தியானம் எனக்குச் சோறு இறங்கவில்லை.

சரி, நானே தைத்துவிடுகிறேன் என்று இறங்கினேன். யூரியூப்பில் ஒரு வெள்ளைக்காரர் இதே வேலையை இருபது நிமிடத்தில் முடித்துவிட்டு விசிலடித்துக்கொண்டு போகிறார். அவர் சொன்ன பசை யாழ்ப்பாணத்தில் இல்லை. அவர் சொன்ன துணியும் இல்லை. எங்களால் முடிந்தது அந்த விசில் மட்டும்தான்.

தையல் மெஷினை முற்றத்துக்குத் தூக்கிவந்து காரோடு அணைத்து வைத்துப் பார்த்தேன். மூன்று ஊசி முறிந்தது. பிறகு சாக்குத் தைக்கிற ஊசி, வலை பின்னுகிற நைலோன் நூல். என் கணவர் காருக்குள்ளே, நான் வெளியே. நான் குத்தி உள்ளே அனுப்புவேன். அவர் இழுத்து, திருப்பி வெளியே அனுப்புவார். எங்கள் கல்யாண வாழ்க்கையில் இவ்வளவு ஒற்றுமையாக நாங்கள் எதையும் செய்ததில்லை. இரண்டு தடவை அவர் விரலில் குத்தியது தற்செயல்.

தையல் என்னவோ அழகாகத்தான் வந்தது. அதன் பிறகுதான் நான் முதலில் சொன்ன வாளியும் குடையும். முழு வாளி ஊற்றினேன். ஊசி குத்திய ஒவ்வொரு ஓட்டையாலும் தண்ணீர் உள்ளே போனது. அவர் குடை பிடித்ததில் நியாயம் இருந்தது என்று இப்போது ஒத்துக்கொள்கிறேன். அவரிடம் சொல்லிவிடாதீர்கள்.

அடுத்து என்ன செய்வது? எங்கள் தீவுப்பக்கத்து ஆட்களிடம் இதற்கு ஒரே பதில்தான் உண்டு. படகு ஓட்டையா? பைபர் போடு. தண்ணீர்த் தாங்கி வெடித்துவிட்டதா? பைபர் போடு. எங்கள் குளியலறைக் கதவின் அடியில் பைபர். வாசல் கதிரையின் காலில் பைபர். என் கணவரின் ஹெல்மெற்றில்கூட ஒரு துண்டு பைபர் இருக்கிறது. எதுவாவது கிழிந்தால், உடைந்தால், எங்கள் மூளை அதற்கப்பால் போகாது.

அல்லைப்பிட்டியில் மரியதாஸ் அண்ணையைப் பிடித்தோம். படகுகளுக்குப் பைபர் போடுவதில் கைதேர்ந்தவர். தானே போட்டுத் தருவதாகச் சொன்னார். நான் விடவில்லை. பனையடியில் விட்டது நான், பூசுவதும் நானாகவே இருக்கட்டும் என்றேன். அவர் ரெசின் என்கிற பசையைக் கலந்து தந்தார். நான் கன்வஸின் மேல் பைபர் நார்த் துணியை விரித்து, பிரஷால் ஊறப் பூசினேன். ஒரு இடத்துக்கு மட்டும் பூசினால் தனியாகத் தெரியும் என்று முழு ஹூட்டுக்கும் பூசினேன். எதையும் அரைகுறையாகச் செய்வது எனக்குப் பிடிக்காது. ஈரப் பாரத்தில் கூரை நடுவில் கொஞ்சம் தொய்ந்தது. நாலு விரல்தானே, பரவாயில்லை என்று விட்டுவிட்டோம்.

காய்ந்து இறுகியதும் மேலே கறுப்புப் பெயின்ற். பிறகு வாளி. ஒரு சொட்டு ஒழுகவில்லை! என் கணவர் குடையை மடக்கி வைத்துவிட்டு உள்ளேயிருந்து கைதட்டினார். மரியதாஸ் அண்ணை கூரையைத் தட்டிப் பார்த்தார்.

"இனிக் கடலிலை விட்டாலும் தாழாது ரீச்சர்," என்றார்.

மூன்று பேரும் தேத்தண்ணி குடித்தோம். பணியாரம் சாப்பிட்டோம். நான் முற்றத்தில் ஒரு சுற்று ஆடியே விட்டேன். இந்த மகிழ்ச்சியில் ஒரு விஷயத்தை மூன்று பேரில் ஒருவர்கூட யோசிக்கவில்லை. நீங்கள் நாலு பந்திக்கு முன்பே யோசித்திருப்பீர்கள். நாங்கள் என்ன செய்வது... படகை யாரும் மடிப்பதில்லையே?

அண்ணை வந்தார். வான் வண்டியிலிருந்து இறங்கியவர் வீட்டுக்குள் வரவில்லை. தேத்தண்ணியை வாங்கி மதிலில் வைத்துவிட்டு நேரே காருக்குப் போனார். முன் கண்ணாடிக்கு மேலுள்ள இரண்டு கொளுக்கியையும் கழற்றினார். ஹூட்டைப் பின்னால் தள்ளினார். அசையவில்லை. இன்னும் ஊன்றித் தள்ளினார். கார் முழுவதும் ஒருதரம் ஆடிவிட்டு நின்றது. விரலை மடக்கிக் கூரையில் தட்டிப் பார்த்தார். டொக், டொக். திரும்பி என்னைப் பார்த்தார்.

அப்போதுதான் எனக்கு விளங்கியது. விளங்கிய அதே நொடியில் என் வாயும் திறந்துவிட்டது. பனை, பழம், ஊசி, வாளி, ரெசின் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் ஒப்புவித்தேன். கேட்டுக்கொண்டு நின்றவர், கடைசியில் ஒன்றே ஒன்றுதான் கேட்டார்.

"அப்ப அந்தப் பாயும் பொய்யோ?"

பழத்தை அவர் மன்னித்திருப்பார். பைபரைக்கூட மன்னித்திருப்பார். பாயை அவரால் மன்னிக்க முடியவில்லை. உள்ளே போய்ப் படுத்துவிட்டார். இரவுச் சாப்பாட்டுக்கும் எழும்பவில்லை. நான் குசினிக்குள் அடுப்படியில் நின்று அழுதேன். காருக்காக இல்லை. கனடாவில் எத்தனை பேரிடம் என் தங்கச்சி இப்படிப் பார்க்கிறாள் என்று சொல்லியிருப்பார்... அதை நினைத்து அழுதேன்.

அடுத்தநாள் காலை மரியதாஸ் அண்ணை வந்தார். என் கணவர் நடந்ததைச் சொல்லியிருந்தார். மனிதர் வெட்கத்தில் யாருடைய முகத்தையும் பார்க்கவில்லை. கையில் ஒரு ஸ்பனர். காரைச் சுற்றிச் சுற்றி வந்தார். பிறகு அண்ணை படுத்திருந்த அறை யன்னலுக்குக் கேட்கிற மாதிரிச் சொன்னார்.

"வார்த்த படகை அச்சிலை இருந்து மடிச்சே எடுக்கிறனாங்கள்? தூக்கித்தானே எடுக்கிறது."

இரண்டு பக்கத்தாலும் கம்பிச் சட்டத்தின் போல்ற்றைக் கழற்றினார். பின்பக்கத்து ஆணிகளைக் கழற்றினார். நானும் கணவரும் ஒரு பக்கம், அவர் மறுபக்கம். கூரை அப்படியே பானை மூடி மாதிரிக் கிளம்பியது. ஒரு மூலைக்கு ஆள் இல்லாமல் சரிந்தது. அந்த மூலையை ஒரு கை வந்து பிடித்தது. பார்த்தால் இடுப்பில் கட்டிய சாரத்தோடு அண்ணை.

"மெல்லப் பிடியுங்கோ, பெயின்ற் உரஞ்சும்," என்றார். எனக்கு அது போதும்.

கல்யாண நாள் வந்தது. முன்னால் கூரையில்லாத மொறிஸ் மைனர், கறுப்புக் கண்ணாடி போட்ட அண்ணை ஓட்ட, நடைவேகத்தில் போகிறது. பின்னால் ஒரு லாண்ட்மாஸ்ரர் உழவு இயந்திரம். அதன் பெட்டிக்குள் கவிழ்த்து வைத்த ஹூட். ஹூட்டைச் சுற்றிப் பட்டு வேட்டியோடு என் கணவர், மரியதாஸ் அண்ணை, இரண்டு மச்சான்மார். நடுவில் பட்டுச் சேலையும் பூவுமாக நான். மழை வந்தால் மூடவேண்டுமே! ஆவணியில் எங்கே மழை என்று எல்லோரும் சிரித்தார்கள். நான் இந்த மாதத்தில் பட்ட பாட்டுக்கு ஆவணியை நம்பத் தயாராக இல்லை.

வேலணையில் மாப்பிள்ளையின் பெரியம்மா லாண்ட்மாஸ்ரரை உற்றுப் பார்த்துவிட்டு, பெண் வீட்டார் சீதனமாக வள்ளமும் கொடுக்கிறார்களா என்று கேட்டாராம்.

திரும்பி வரும்போது பார்க்கவேண்டுமே! சந்திக்குச் சந்தி சனம். மாப்பிள்ளையும் தோழனும் இரண்டு தலைப்பாகைகளோடு கையசைக்கிறார்கள். அண்ணை ஹோணை விட்டுக் கை எடுக்கவில்லை. நான் பின்னால் லாண்ட்மாஸ்ரரில் நின்றபடி, அவருடைய பிடரியைப் பார்த்தே அவர் சிரிக்கிறார் என்று கண்டுபிடித்தேன்.

பாதி வழியில் முதல் துளி என் மூக்கில் விழுந்தது.

அண்ணை பிரேக் போட்டார். நாங்கள் குதித்தோம். ஒண்டு, ரெண்டு, மூண்டு என்று எண்ணி ஹூட்டைத் தூக்கி, ஓடிப்போய்க் காரின் மேல் வைத்தோம். அண்ணை முன் கொளுக்கிகளை மாட்டினார். மரியதாஸ் அண்ணை வேட்டி மடியிலிருந்து போல்ற்றை எடுத்துக் கையாலேயே முறுக்கினார். ஒரு நிமிடம்கூடப் பிடிக்கவில்லை. அந்தத் துருப்பிடித்த பழைய சட்டத்தை விரித்து மூடியிருந்தால் மாப்பிள்ளை மணவறைக்கு நனைந்துதான் போயிருப்பார். நாங்கள்தான் தெப்பமாக நனைந்தோம். நனைந்துகொண்டே நடு றோட்டில் நின்று ஒருவரையொருவர் கட்டிப்பிடித்தோம்.

ஆனால் ஒன்று. தொய்ந்துபோன அந்த நாலு விரலை நாங்கள் கணக்கில் எடுக்கவில்லை. தலைப்பாகை கூரையில் முட்டியது. மாப்பிள்ளை தலையைக் குனிந்தபடிதான் மீதித் தூரம் வரவேண்டியிருந்தது. அண்ணை கண்ணாடியில் அவரைப் பார்த்தாராம்.

"பரவாயில்லைத் தம்பி. தாலி கட்டமுன்னமே குனிஞ்சு பழகுறது நல்லது."

மாப்பிள்ளை விழுந்து விழுந்து சிரித்திருக்கிறார். இப்படியொரு காரைத் தான் கண்டதே இல்லை என்றும் சொல்லியிருக்கிறார். தாலி கட்டி முடிந்ததும் அண்ணை சாவியை எடுத்து அவர் கையில் வைத்துவிட்டார். இனி இது உங்களுடைய கார், தேனிலவு முடிந்து வந்து எடுத்துக்கொள்ளுங்கள் என்றார். பிறகு என் பக்கம் திரும்பி, அதுவரைக்கும் தங்கச்சி கவனமாகப் பார்ப்பாள் என்றார். எல்லோருக்கும் முன்னால் சொன்னார். எனக்குக் கண் கலங்கிவிட்டது.

இதோடு முடித்திருக்கலாம்.

முந்தநாள் காலையில் எழும்பிப் பார்க்கிறேன், கார் பனைக்குக் கீழே நிற்கிறது. அண்ணைதான் விட்டிருக்கிறார்! பக்கத்தில் கதிரை போட்டு, தேத்தண்ணியோடு அண்ணாந்து பார்த்துக்கொண்டிருக்கிறார். கேட்டால், இனி என்ன பயம், பைபர் என்கிறார். சொல்லி வாய் மூடவில்லை, பழம் ஒன்று விழுந்தது. டொங். கூரையில் பட்டு எழும்பி வேலிக்குள் போனது. ஒரு கீறல் இல்லை. அண்ணை கைதட்டினார். நானும் கைதட்டினேன்.

இரண்டாவது பழம் கூரையில் விழவில்லை. பொனட்டில் விழுந்தது. அதற்கு யாரும் பைபர் போடவில்லை. சோற்றுக்கோப்பை அளவுக்கு ஒரு பள்ளம்.

இரண்டு பேரும் பள்ளத்தையே பார்த்துக்கொண்டு நிற்க, என் போன் அடித்தது. நுவரெலியாவிலிருந்து மாப்பிள்ளை. வீடியோ. மாமி, காரை ஒருக்காக் காட்டுங்கோ என்கிறார்.

அண்ணை என் காதுக்குக் கிட்ட வந்தார். குரலைத் தாழ்த்தினார்.

"தங்கச்சி... அந்தப் பாய் எங்கை?"