வடக்கே தலை வைத்த கட்டில்

தலையில் அடிபட்டவரைச் சரியாகப் படுக்க வைத்துவிடலாம். அவரை அப்படியே விட்டுவைக்கும்படி உறவினரைச் சம்மதிக்க வைப்பதில்தான் எங்கள் தொழிலில் பாதி ஆயுள் போகிறது. ஆஸ்பத்திரியில் யாருக்காவது துணைக்கு இருந்திருந்தால் உங்களுக்கும் இது புரியும்.

கோணல் கட்டில்

அப்போது கொடைக்கானலில் ஒரு சின்ன ஆஸ்பத்திரியில் ஆண் நர்ஸாக இருந்தேன். மேல்மலைப் பூண்டு விவசாயி கருப்பையா பெருமாள்மலையில் லாரி மேலிருந்து விழுந்து, நினைவில்லாமல் வந்து சேர்ந்தார். மண்டைக்குள் வீக்கம். தலை உயர்ந்திருக்க வேண்டும், கழுத்து நேராக இருக்க வேண்டும் என்றார் டாக்டர். கட்டிலின் தலைமாட்டுக் கால்களுக்கு அடியில் மரக்கட்டைகள் வைத்தேன். பக்கத்துக் கட்டிலில் ரத்தம் நிறையப் போன ஒருவர். அவருக்குக் கட்டை கால்மாட்டில். கருப்பையாவின் மனைவி பேச்சியம்மாள் இரண்டையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"ஏங்க கம்பவுண்டர், அவருக்குக் காலு ஒசரம், இவருக்குத் தலை ஒசரம். தரையைச் சமமாப் போட்டிருந்தா இந்தச் சோலியே இல்லையில்ல?"

இரண்டு தலையணை

உயரம்தானே நல்லது என்று அவள் அண்ணன் இரண்டு தலையணையைச் செருகிவிட்டார். மோவாய் நெஞ்சில் முட்டியது. உருவி எடுத்தேன். கழுத்து மடங்கினால் தலையிலிருந்து ரத்தம் இறங்காது, மடை அடைத்த மாதிரி ஆகிவிடும் என்றேன். விவசாயிக்கு ஏற்ற விளக்கம் என்று எனக்கே ஒரு திருப்தி. அண்ணன் விடவில்லை.

"மடை அடைச்சா நாங்க மம்பட்டியால வெட்டி விடுவோம். நீங்க தலையணையை உருவிட்டுப் போறீங்க."

கால் இருந்த இடம்

மதியம் சாப்பிட்டுவிட்டு வந்தால், கட்டை வைத்து உயர்த்திய பக்கத்தில் கருப்பையாவின் கால்கள் இருந்தன. தலை தாழ்ந்து கிடந்தது. கட்டையை மாற்றி வைத்தவன் நானேதானா என்று ஒரு கணம் குழம்பிப்போனேன். காலையில் கூப்பிட்டால் முனகியவர் இப்போது முனகவில்லை. வாந்தி வேறு. வாயைத் துடைத்து, தலையும் உடம்பும் ஒரே கோட்டில் வரும்படி நான்கு பேராகத் தூக்கித் திருப்பினோம். அவரைத் தலைமாற்றிப் படுக்க வைத்தது அண்ணனும் தங்கையும் சேர்ந்து செய்த வேலை. ஏன் என்று கேட்ட டாக்டருக்குப் பேச்சியம்மாள் அழாமல் பதில் சொன்னாள்.

"வடக்க தலை வச்சா உசுரு தங்காதுங்க. கம்பவுண்டர் எப்ப சாப்பிடப் போவாருன்னு காத்துக் கெடந்துதான் திருப்புனோம்."

தெற்கு

டாக்டர் வாதாடவில்லை. கட்டிலையே திருப்பச் சொன்னார். கட்டையோடு தலைமாடு தெற்கே போயிற்று. வரிசையில் அந்தக் கட்டில் மட்டும் எதிர்ப்பக்கம் பார்த்து நின்றது. அதன்பின் அவர்கள் யாரும் அவரைத் தொடவில்லை. மறுநாள் வெள்ளனே கருப்பையா கண் திறந்து, பூண்டு மூட்டை என்னாச்சு என்று கேட்டார். தலையைத் தாழ விடாததன் பலன் என்றார் டாக்டர். அவர் போனதும் பேச்சியம்மாள் என்னிடம் மெதுவாகச் சொன்னாள்.

"டாக்டர் வெவரமானவருங்க. ஒருக்கா சொன்னதும் தெசையை மாத்திட்டாரே."

பிழைத்ததற்குக் காரணம் எது என்று படித்தவனாக எனக்குத் தெரியும். இருந்தும் எந்த வார்டுக்குள் நுழைந்தாலும் முதலில் வடக்கு எது என்றுதான் பார்க்கிறேன், டாக்டர்களும் அப்படிப் பார்க்கிறார்களா என்று கேட்கத்தான் இன்னும் தைரியம் வரவில்லை.