நடுவில் பள்ளம் விழுந்த கேக்

ஷாலினி இன்று காலை ரயிலில் ஈப்போவுக்குப் படிக்கப் போய்விட்டாள். நான் பள்ளியைப் பாதியில் விட்ட பிறகும் என்னோடு பேசுவதை விடாத ஒரே தோழி.

எங்கள் ஊர் குளுவாங் ஸ்டேஷனில் அவள் கையில் கொடுக்கத்தான் கேக் செய்தேன்.

தமிழ்நாட்டு அக்கா ஒருவரின் வீடியோவைப் பார்த்துச் செய்தது. மைதாவில் பேக்கிங் பவுடர் போடச் சொன்னார், போட்டேன். இங்கே மலேசியாவில் எங்கள் வீட்டில் இருந்ததோ பேக்கிங் பவுடர் ஏற்கெனவே கலந்து விற்கும் மாவு. கேக் தட்டைத் தாண்டிப் பொங்கியது. பிறகு நடுவில் அப்படியே அமுங்கிவிட்டது.

அம்மா எட்டிப் பார்த்தார்.

"அலமாக்! பரவால்லலா, வெட்டி டப்பாவுல போட்டுக் கொண்டு போ. டிரெய்ன் வந்துரும்."

ஷாலினியின் சொந்தக்காரர்கள் எல்லாரும் வந்திருப்பார்கள். அவர்கள் முன்னால் இதை எப்படி நீட்டுவது? வெட்கத்தில் நான் போகவே இல்லை.

ரயில் கிளம்பிய பிறகு அவள் போனில் கூப்பிட்டாள்.

"எங்கடி போன? கடைசி வரைக்கும் கதவுகிட்டயே நின்னேன். அப்பா ஏறு ஏறுன்னு திட்டுறாரு."

"கேக் கெட்டுப் போச்சுடி."

"லூசு, நான் கேக்கா கேட்டேன்? உன் மூஞ்சிய ஒரு தடவ பாத்துட்டுப் போலாம்னு நின்னேன்."



இனிமேல் மாவுப் பாக்கெட்டைப் படித்துவிட்டுத்தான் செய்வேன். அடுத்த கேக் நன்றாகவே வரும். அவள்தான் தீபாவளி வரை வரமாட்டாள்.

ஓரமெல்லாம் நன்றாக வெந்திருக்கிறது. தனியாகச் சாப்பிடத்தான் மனம் வரவில்லை. பக்கத்தில் இருப்பவர்கள் யாராவது சாப்பிட வருகிறீர்களா?