அறையில் மூன்று பேர்

இதில் ஒரு சொல்லைக்கூட நான் கூட்டவில்லை. கூட்டிச் சொல்லத் தெரிந்திருந்தால் இன்றும் பாட்டெழுதிப் பிழைத்துக்கொண்டிருப்பேன்.

என் பெயர் ஓரின் டீக். 1966 நவம்பரில் நாஷ்வில்லில், இசைத்தட்டு அடிக்கும் ஆலையில் எனக்கு இரவு வேலை. அதற்கு முன் நானும் லீலண்ட் ஸ்ட்ரௌடும் ஹோபார்ட்டின் விடுதியில் ஒரே அறையில் கிடந்து கன்ட்ரி பாட்டு எழுதினோம். பிப்ரவரியில் ஒரு நாள், ஒரே மூச்சில் ஒரு பாட்டு வந்தது. அதன் உயிர் கடைசிச் சரணத்தில் இருக்கும் ஒரு வரி: 'நீ பூட்டிப் போன கதவுக்குப் பின்னால் நான் இருந்தேன்.' நான் குனிந்து எழுதிக்கொண்டிருந்தேன். வரி காதில் விழுந்தது. எழுதிவிட்டு நிமிர்ந்தேன். லீலண்ட் என்னைப் பார்த்துச் சிரித்தான்.

எங்கள் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. பாட்டு பிறக்கும்போது அறையில் இருந்தவர் எல்லோருக்கும் பெயரில் பங்கு. ஒரே ஒரு வார்த்தை சொல்லியிருந்தாலும் சரி, காப்பி மட்டும் போட்டுக் கொடுத்திருந்தாலும் சரி. எந்தக் காகிதத்திலும் இல்லாத சட்டம். மீறினவன் முகத்தில் யாரும் விழிக்க மாட்டார்கள்.

லீலண்ட் மீறினான். ஒரு பெரிய பாடகர் அந்தப் பாட்டைப் பாடினார். வாராந்திரப் பட்டியலில் ஒன்பதாம் இடம். தட்டின் நடுவில் ஒரே பெயர்: எல். ஸ்ட்ரௌட். அந்தத் தட்டை ராத்திரி ராத்திரியாக என் கையாலேயே அடித்தேன். அந்தப் பெயரைப் பார்க்கும்போதெல்லாம் அவன் கழுத்தை நெரிப்பதாகத்தான் நினைத்துக்கொள்வேன்.

அடித்த தட்டுகளில் மணிக்கு ஒன்றை எடுத்துக் கேட்டுப் பார்க்க வேண்டும். அது ஆல்மாவின் வேலை. வியாழன் இரவு, மணி 1.40. அவள் காதிலிருந்த ஹெட்போனைக் கழற்றினாள்.

"ஏன் ஓரின், இதுல கூடப் பாடுற பொம்பள யாரு?"

"பொம்பள யாரும் பாடல."

"எனக்கென்ன காது செவிடா? கடைசியில, அந்தப் பூட்டுக் கதவு வரில மட்டும் பாடுறா. உன் கூட்டாளி உன் பேர முழுங்கினான், சரி. அவ பேரையுமா முழுங்கினான்?"

சிரித்துக்கொண்டே சாப்பிடப் போனாள். நான் கேட்கும் அறைக்குள் போனேன். கதவு தானாகச் சாத்திக்கொண்டது. மணி 2.01.

ஊசியை வைத்தேன். கிடார். ஃபிடில். பாடகரின் குரல். எல்லாம் வழக்கம்போலத்தான்.

அந்த வரி வந்தது. பாடகரின் குரல் பின்னால் போனது. ஒரு பெண் குரல் முன்னால் வந்தது. பாடவில்லை. சொன்னது. மூச்சு வாங்கிக்கொண்டு...

பாட்டு முடிந்தது. கடைசிக் கோட்டில் ஊசி ஒரே வட்டமாகச் சுற்றும். டக்... டக்... என்று கேட்கும்.

டக் கேட்கவில்லை.

"மூணு பேர்... மூணு பேர்... மூணு பேர்..."

ஊசியைத் தூக்கினேன். மணி 2.04.

"மூணு பேர்..."

ஹெட்போனைக் கழற்றி எறிந்தேன்.

"மூணு பேர்..."

காதுக்குப் பின்னால்.

கேஸ் வாசனை. அந்த அறையில் கேஸ் குழாயே கிடையாது.

கதவை இழுத்தேன். வரவில்லை. வெளியே சாவி திரும்பும் சத்தம்.

அந்தக் கதவுக்குப் பூட்டே கிடையாது.

2.11க்கு ஆல்மா கையில் சாண்ட்விச்சோடு கதவைத் திறந்தாள். லேசாகத் தள்ளினாள், அவ்வளவுதான்.

விடிந்ததும் நேரே லீலண்ட் வீட்டுக்குப் போனேன். வாசலில் புதுக் கார்.

"அடிக்க வந்தியா? உள்ள வந்து அடி. அக்கம்பக்கம் பாக்குது."

"அந்தப் பூட்டுக் கதவு வரி யார் சொன்னது?"

"குத்திக் காட்டுறியா? நீதான்டா சொன்ன. மத்ததெல்லாம் சொத்தை. உன் பேரும் வந்தா பாட்டே உன்னோடதுன்னு ஊரு சொல்லிரும். அதான்..."

"நான் சொல்லலடா. நீ சொன்னத எழுதினேன்."

அவன் முகம் வெளுத்தது.

"நான் வாயே திறக்கல ஓரின்."

அடுப்பில் காப்பி பொங்கி வழிந்தது. இரண்டு பேரும் எழுந்திருக்கவில்லை.

லீலண்ட் மேசை இழுப்பறையிலிருந்து பாட்டின் ஒப்பந்தக் காகிதத்தை எடுத்தான். தன் பெயருக்குக் கீழே என் பெயரை எழுதினான்.

"போட்டுட்டேன். போதுமா? இதோட விட்டுரு."

கையெழுத்துப் போட்டேன். தட்டு வந்த நாளிலிருந்து நான் கேட்டது இதைத்தான்.

சாயங்காலம் விடுதிக்குப் போய் ஹோபார்ட்டிடம் கேட்டேன். எங்களுக்கு முன் அந்த அறையில் யார்?

"ஆறு வருஷமா யாரும் இல்ல தம்பி. அதுக்கு முன்ன வெர்னா மேடக்ஸ்னு ஒரு பொண்ணு. அவளும் பாட்டெழுதுறவதான்."

"என்ன ஆச்சு?"

"அவளும் கூட்டாளியும் சேந்து எழுதின பாட்டு. அவ ஸ்டுடியோவுக்கு வந்தா தன் பேரையும் கேப்பான்னு, கூட்டாளி வெளிய பூட்டிட்டுப் போயிட்டான். உள்ள கேஸ் ஹீட்டர் அணைஞ்சு, கேஸ் அறை பூரா பரவிருச்சு. நான் பூட்ட உடைச்சப்போ மணி ரெண்டு பதினொண்ணு. கதவுக்குப் பின்னாடியே கிடந்தா."

அந்தப் பாட்டும் பட்டியலில் ஏறியதாம். ஒரே பெயரில்.

எங்கள் தட்டின் அடுத்த அடிப்பில் இரண்டு பெயர்கள் வந்தன. மூன்றாவதைச் சேர்க்கச் சொல்லி நான் யாரிடமும் கேட்கவில்லை. ஆலையை விட்டேன். இப்போது என் வீட்டில் இசைத்தட்டு இல்லை, ரேடியோ இல்லை. எந்தக் கதவிலும் பூட்டு இல்லை.

ஆனாலும் 2.04க்குக் கேட்கிறது. மூணு பேர் என்று இப்போது சொல்வதில்லை.

"ரெண்டு பேரா?" என்கிறது.