ஊசி குத்திய இடம்

வாப்பா மௌத்தாகி, உம்மா இத்தாவில் வெளியே வராமல் அறையோடு இருந்த மாதங்களில், என் கூடப்பிறந்த நானா என்னிடம் ஒரே கேள்வியைத்தான் கேட்டார். அன்றைக்கு ஜீப் ஏன் நின்றது? கடற்கரையில் எங்களுடைய மீன் வாடிக்கும் தார் வீதிக்கும் இடையில் கிடக்கும் உப்புச் சேற்றுவெளியின் நடுவில், வாப்பாவை நெஞ்சுவலியோடு பின்னால் படுக்க வைத்துக்கொண்டு போகும்போது எஞ்சின் அணைந்துபோனது. நானாதான் ஓட்டினார். லைட் எரிந்தது, ஹோர்ன் அடித்தது, ஸ்டார்ட்டர் சுற்றியது, எஞ்சின் மட்டும் பிடிக்கவில்லை. டீசலில் காற்று ஏறியிருக்கும் என்று நினைத்து, குழாயைக் கழற்றிக் காற்றை வெளியேற்றிப் பார்த்திருக்கிறார். பிறகு வாப்பாவைத் தோளில் போட்டுக்கொண்டு நடந்தார். வீதிக்கு வந்து சேர்ந்தபோது வாப்பா இல்லை.

அல்லாஹ்வுடைய நாட்டம் என்று வந்தவர்கள் எல்லோரும் சொன்னார்கள். நானாவும் ஓம் என்று தலையாட்டினார். அவர்கள் போன பிறகு என்னிடம் வந்து, "நீ படிச்சவ. நான் என்னத்தப் பார்க்காம விட்டன், அதச் சொல்லு" என்பார்.

நான் தொழில்நுட்பக் கல்லூரியில் வாகன மின்னியல் படித்து, சிலாபத்தில் ஒரு திருத்தகத்தில் வேலை செய்கிறேன். வாடிக்குப் போக வேறு வாகனம் இல்லை. அங்கே தங்கி வலை இழுக்கும் ஆட்கள் இருக்கிறார்கள், வெளியே கொண்டுவர மீன் இருக்கிறது. ஜீப்பின் வயர் முழுவதையும் மாற்றுவது என்று முடிவெடுத்தேன்.

சாமான் வாங்க நானாவோடு மதுரங்குளிக் கடைக்குப் போகுமுன் தேவையானதை எழுதிக்கொண்டேன். உப்புத் தண்ணீர் செம்பை அரிக்கும், ஆகவே ஒவ்வொரு இழையிலும் வெள்ளீயம் பூசிய வயர். படகுக்குப் போடுகிற வகை அது. கனெக்டருக்குள் ஒவ்வொரு வயருக்கும் தனித்தனி ரப்பர் வளையம். வயரின் பருமனும் வளையத்தின் துளையும் பொருந்தாவிட்டால் விலை கூடிய கனெக்டரும் சும்மா பிளாஸ்டிக்தான். முனைகளை ஈயம் வைத்து ஒட்டுவதில்லை. மேடு பள்ளத்தில் குலுங்கும்போது ஒட்டிய இடத்தின் விளிம்பில்தான் வயர் முறியும். அதனால் குறட்டால் நசுக்கிப் பிடிக்க வேண்டும். வண்டிச் சில்லின் உயரத்துக்குக் கீழே ஒரு மூட்டும் வரக்கூடாது.

கடைக்காரர் என் கையிலிருந்த தாளை எட்டிப் பார்த்தார். "தங்கச்சி, இது ஜீப்புக்கா, கப்பலுக்கா?"

"ரெண்டும் ஒரே தண்ணியிலதானே போகுது."

"எல்லாரும் வயர முறுக்கி டேப்பச் சுத்திட்டுப் போறாங்க. ஒங்கட தங்கச்சி கடைய ஏலம் எடுக்க வந்தாப்போல இரிக்கி" என்று என் நானாவிடம் சொன்னார். நானா சிரிக்கவில்லை. வாப்பா மௌத்தான விதம் கடைக்காரருக்குச் சட்டென்று நினைவு வந்திருக்க வேண்டும். அதற்குப் பிறகு வளையங்களை என் கையில் ஒவ்வொன்றாகத் தந்து வயரில் போட்டுப் பார்க்க விட்டார்.

பழைய வயர்க்கட்டை, நானா வாடிக்கு நடந்து போயிருந்த ஒரு காலையில் தனியாகக் கழற்றினேன். எங்கள் ஜீப்பில், டீசல் போகும் வழியைத் திறந்து வைத்திருக்கும் சிறிய வால்வு ஒன்று உண்டு. அதற்கு மின்சாரம் நின்றால் எஞ்சினும் நிற்கும், மற்ற எல்லாம் வேலை செய்யும். அந்த வால்வுக்குப் போகும் வயரைக் கையால் தடவிக்கொண்டே வந்தபோது ஓரிடம் மட்டும் நூலைப்போலத் துவண்டது. வெளியே கறுப்பு உறை நன்றாகத்தான் இருந்தது. கீறிப் பார்த்தேன். உள்ளே செம்பு இல்லை, பச்சைத் தூள். உறையில் அந்த இடத்தில் ஒரு ஊசித்துளை.

எங்கள் பக்கத்தில் ஜீப் ஓட்டுகிற எவரிடமும் ஊசி முனையுள்ள டெஸ்ட் லாம்ப் இருக்கும். ஏதாவது எரியவில்லை என்றால் வயரைக் கழற்றுவதில்லை. உறைக்கு மேலேயே குத்திப் பார்ப்பார்கள், லாம்ப் எரிந்தால் அடுத்த வயர். துளை கண்ணுக்கே தெரியாது, அதை யாரும் மூடுவதில்லை. உப்புத் தண்ணீருக்கு அந்தத் துளை போதும். வாப்பா வயர் பக்கமே போகமாட்டார். வாகனம் திருத்துகிற வேறு எந்த பாஸிடமும் இந்த ஜீப்பைக் கொடுத்ததில்லை. லாம்ப் நானாவுடையது.

அதை அவரிடம் சொல்லவில்லை. பழைய வயர், உக்கிப்போயிருந்தது என்று மட்டும் சொன்னேன். அது பொய்யுமில்லை. "எப்படி உக்கிச்சு?" என்றார். "உப்பு" என்றேன்.

வேலை முடிந்த நாள், உம்மாவின் அறை ஜன்னலுக்கு நேரே முற்றத்தில் ஜீப் நின்றது. திரைக்குப் பின்னால் உம்மாவின் தஸ்பீஹ் மணிகள் உரசுவது கேட்டது. நானா என் வேலையைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். "வாப்பா இருந்தா, ஜீப்புக்கு நகை போட்டிருக்காண்டு சொல்லியிருப்பார்" என்றார். பிறகு டெஸ்ட் லாம்பை எடுத்து, வால்வுக்குப் போகும் புதிய வயரை இரண்டு விரலால் பிடித்தார்.

"குத்தாதீங்க நானா."

"கரண்ட் வருதா இல்லையாண்டு பார்க்கத் தேவல்லையா?"

"ஃபியூஸ் பெட்டியில வச்சுப் பாருங்க. வயருல குத்தாதீங்க."

"சின்ன ஊசிதானே."

சும்மா ஒரு சட்டமாகச் சொல்லிவிட்டுப் போனால், அடுத்த மழைக்காலத்தில் வாடியில் தனியாக நிற்கும்போது மறுபடியும் குத்துவார். ஆகவே சொன்னேன். துளை, உப்பு, பச்சைத் தூள், வால்வு. வேலை இடத்தில் ஒரு பழுதை விளக்குகிற மாதிரித்தான் சொன்னேன்.

நானா வயரை விட்டார். நான் சொன்னதையெல்லாம் கேட்ட பிறகும், "எந்த வயர்?" என்றார்.

"இதுட இடத்துல இருந்தது."

"போன நோன்புக்கு முந்தி லைட் எரியல்லண்டு பார்த்தன்" என்றார். "வரிசையா எல்லாத்தையும் குத்தினன்."

"எல்லாரும் அப்படித்தான் செய்றாங்க."

"எல்லார்ட வாப்பாவும் மௌத்தாகல்லயே."

நான் குறட்டைத் துடைத்துப் பெட்டிக்குள் வைத்தேன். தஸ்பீஹ் சத்தம் நின்றிருந்தது. "என்ன, ரெண்டு பேரும் கதைக்காம நிக்கிறீங்க?" என்று உம்மா உள்ளிருந்து கேட்டார்.

நானா லாம்பை பொனட்டின் மேல் வைத்தார். செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனார். திரைக்கு அந்தப் பக்கம் அவர் உட்காரும் சத்தம் கேட்டது. "உம்மா, அண்டைக்கு ஜீப் நின்டதுக்குக் காரணம் தெரியிம்" என்று தொடங்கினார். இடையில் நிறுத்தவில்லை, குறைத்தும் சொல்லவில்லை. அவர் சொல்லி முடித்ததும் உம்மாவின் தஸ்பீஹ் மணிகள் மறுபடியும் உரசத் தொடங்கின.