மூன்று இலக்கத்துக்கு இடம்

வெளியுறவு அலுவலகத்தின் மூன்றாம் மாடியில் அவளுக்கு அனுதாப அக்கா என்று பெயர். இருபத்திரண்டு வருடமாக இரங்கல் கடிதம் அடிப்பதுதான் அவள் வேலை. எந்த நாட்டில் எந்தத் தலைவர் போய்ச் சேர்ந்தாலும், எங்கே அணை உடைந்தாலும், ரயில் கவிழ்ந்தாலும், நம் அரசாங்கம் விடும் கண்ணீர் அவள் விரல் வழியாகத்தான் வடிய வேண்டும். "அக்கா கை பட்டா ஆள் காலி" என்று கேன்டீனில் கிண்டல் செய்வார்கள். அவளும் கூடச் சிரிப்பாள்.

பக்கத்து நாற்காலிக்காரி வாழ்த்துக் கடிதம் அடிப்பவள். பதவியேற்பு, பிறந்தநாள், தேர்தல் வெற்றி என்று அவள் பாடு எப்போதும் கொண்டாட்டம். ஒருத்தி அழ, ஒருத்தி சிரிக்க, மதியச் சாப்பாட்டை மட்டும் இருவரும் பங்கு போட்டுக்கொள்வார்கள்.

அந்தச் செவ்வாய்க்கிழமை காலை பத்தரைக்கு, புதிதாக மாற்றலாகி வந்திருந்த அதிகாரி ஒரு வரைவைக் கொண்டுவந்து வைத்தார். அண்டை நாட்டு அதிபருக்கு எழுதியது. 'தங்கள் துறைமுக நகரின் மீது வியாழக்கிழமை அதிகாலை நடந்த கோழைத்தனமான விமானத் தாக்குதலில்' என்று தொடங்கி, எத்தனை பேர் என்ற இடத்தில் வெறும் கோடு போட்டிருந்தது.

தட்டச்சு செய்கிறவர்களின் கண் எழுத்தைப் பார்க்கும், விரல் பாட்டுக்கு ஓடும், மனசு மட்டும் மாடியில் காயப்போட்ட துணியைப் பற்றிக் கவலைப்பட்டுக்கொண்டிருக்கும். அன்று துறைமுக நகரம் என்ற இடத்தில் அவள் விரல் நின்றுவிட்டது. அவள் தம்பி அங்கேதான் கிரேன் ஓட்டுகிறான். அம்மா போன பிறகு அவள் தூக்கி வளர்த்த பிள்ளை. நேற்றுக்கூடப் பேசினானே, தாக்குதல் என்று ஒரு வார்த்தை சொல்லவில்லையே!

எழுந்து போய்க் கேட்டாள். "சார், வியாழக்கிழமைன்னு இருக்கு. போன வியாழன் அங்க ஒண்ணும் நடக்கலையே, இன்னைக்குச் செவ்வாய்தானே?"

அதிகாரி நாக்கைக் கடித்துக்கொண்டார். விட்டுப்போன கமாவைப் பார்த்தவருக்கு வருகிற அளவு வெட்கம்தான் அது. "அடடா, கிழமை போடக் கூடாதுன்னு பழைய ஆபீசர் படிச்சுப் படிச்சுச் சொல்லிட்டுப் போனாரு. மறந்துட்டேன் பாருங்க." சிவப்பு மையால் அந்தச் சொல்லை அடித்தார். "நம்பர் வர்ற இடத்துல மூணு இலக்கத்துக்கு இடம் விடுங்கம்மா. மந்திரி கையெழுத்து காயவே ஒரு நாள் ஆகுது. எல்லாம் நடந்த அப்புறம் உட்கார்ந்து அடிச்சா, நாமதான் கடைசியா அழுதோம்னு ஆயிடும்."

அவள் வரைவை எடுத்துக்கொண்டாள். திரும்பி வந்தால், பக்கத்து நாற்காலிக்காரி ஏதோ பாட்டை முணுமுணுத்தபடி வேறொரு நாட்டுக்கு அடித்துக்கொண்டிருந்தாள். 'எமது வான்வழியாகச் சென்று தாங்கள் முடித்த நடவடிக்கையின் வெற்றிக்கு வாழ்த்துகள்.' அதிலும் கிழமை இல்லை. முந்தின நாள்தான் நம் மந்திரி, அண்டை நாட்டுத் தூதரைக் கட்டிப்பிடித்து, உங்கள் மேல் விழும் அடி எங்கள் மேல் விழும் அடி என்று டிவியில் கண் கலங்கியிருந்தார். வெட்கம் கெட்ட ஜன்மங்கள்.

பழைய நகல்கள் இருந்த அலமாரியைத் திறந்தாள். அடித்த தேதியை மூலையில் பென்சிலால் குறித்து வைப்பது அவள் வழக்கம். திடீர் மாரடைப்பில் இறந்த ஒரு நாட்டு எதிர்க்கட்சித் தலைவருக்கான இரங்கல் கடிதம் கையில் வந்தது. அவர் செத்த நாள் அவளுக்கு மறக்காது, தம்பி வேலைக்குக் கிளம்பிப் போன நாள் அது. கடிதத்தை அவள் அடித்தது அதற்கு மூன்று நாள் முன்னால். அடுத்த நகலைப் புரட்ட அவளுக்குத் தைரியம் வரவில்லை. அலமாரியைச் சாத்தினாள்.

மதிய இடைவேளையில் தெருமுனைக் கடையிலிருந்து தம்பிக்குப் போன் போட்டாள்.

"டேய், இன்னைக்கே கிளம்பி வாடா. அங்க நிலைமை சரியில்ல."

"யாருக்கா சொன்னா? நம்ம மந்திரியே இந்த ஊர்த் தூதரைக் கட்டிப்பிடிச்சாரே. ரூம்ல எல்லாரும் கைதட்டினோம்."

உண்மை நாக்கு நுனி வரை வந்தது. ரகசியக் காப்புக்குக் கையெழுத்துப் போட்டவள், வாய் திறந்தால் ஜெயில். பின்னால் ஒருவன் போனுக்காகக் காத்து நின்றான். அவன் போனுக்காகத்தான் நிற்கிறானா என்பதே அவளுக்குச் சந்தேகமாகிவிட்டது.

"எனக்கு நெஞ்சு வலிடா. டாக்டர் கையை விரிச்சுட்டார்" என்றாள்.

புதன்கிழமை மந்திரியின் கையெழுத்தோடு கடிதம் அவள் மேஜைக்கு வந்தது. தூசி விழாமல் அதைக் காயவிட்டார்கள். நாள் முழுக்க அந்த வெற்றிடம் அவளையே பார்த்துக்கொண்டிருந்தது. அதில் போய் விழ வேண்டியவர்கள் அந்த நேரத்தில் எங்கோ பேருந்துக்காக நின்றிருப்பார்கள், பிள்ளையைக் குளிப்பாட்டிக்கொண்டிருப்பார்கள். சாயந்திரம் தம்பி வந்து சேர்ந்தான். வாசலில் கல்லு மாதிரி நின்ற அக்காவைப் பார்த்து அழுகையும் சிரிப்புமாகத் திட்டினான். வெறும் வாயுக்கோளாறாம் என்று சமாளித்தாள்.

வியாழன் காலை ஒன்பது மணிக்கு அதிகாரியிடமிருந்து துண்டுச்சீட்டு வந்தது. 183. அடித்தாள். விட்ட இடத்தில் கச்சிதமாக உட்கார்ந்தது.

வீட்டுக்கு வந்தபோது தம்பி தரையில் உட்கார்ந்து ஒவ்வொரு நம்பராகப் போட்டுக்கொண்டிருந்தான். அவனோடு அறையில் தங்கியிருந்த ஆறு பேரில் ஒருவரும் எடுக்கவில்லை.

"உனக்கு நெஞ்சு வலியே இல்லைதானே அக்கா?"

"இல்ல."

"முந்தியே தெரியுமா?"

"தெரியும்டா."

அவன் கத்தியிருந்தால் தேவலை. "நீ பேசுறப்ப அவங்க பக்கத்துலதான் நின்னாங்க. அக்கா பொழைச்சுக்குவாங்கடா, போயிட்டு வான்னு என் பையில துணி எடுத்து வச்சது அவங்கதான்." வேறொரு நம்பரைப் போட்டான். "இது அதுல ஒருத்தனோட அம்மா. நீயே பேசு."

போனை அவள் கையில் திணித்தான். வேண்டாம் என்று தலையசைப்பதற்குள் மறுமுனையில் எடுத்துவிட்டார்கள். "அவனோட அக்கா பேசறேன்" என்றாள்.

"யாரு, தம்பியோட அக்காவா? நல்லவேளை கூப்பிட்டீங்கம்மா. எங்க பையன் காலையிலேர்ந்து போனே எடுக்கல. நீங்க கவர்மென்ட்டுல இருக்கறவங்க. உங்களுக்கு ஏதாவது தெரியுமா?"