காகம் கேட்ட கார்

பாபா மூன்று வருடமாக ஒரு கார் வாங்கிக்கொண்டிருந்தார். வாங்காமலே செத்துப்போனார்.

பெரிய கார் ஒன்றும் இல்லை. நாலு மீட்டருக்குள் அடங்குகிற சின்ன ரகம். எங்கள் சாங்லி மாவட்டத்தில் கரும்புப் பணம் வந்த வீட்டு வாசல்களில் எருமைக்குப் பக்கத்தில் நிற்குமே, அது.

பாபா என் அப்பா, பெயர் யஷ்வந்த் நாலவடே. சர்க்கரை ஆலையின் எடைமேடையில் முப்பத்தோரு வருடம் உட்கார்ந்திருந்தார். கரும்பு ஏற்றிய டிராக்டர் மேடைமேல் ஏறும், எடை பார்ப்பார். உள்ளே போய்க் கொட்டிவிட்டுக் காலியாகத் திரும்பி வரும். மறுபடி எடை பார்ப்பார். ஒன்றிலிருந்து ஒன்றைக் கழித்தால் விவசாயியின் கரும்பு. ஏறும்போது ஓட்டுநர் வண்டியிலேயே உட்கார்ந்திருப்பான். திரும்பும்போது இறங்கிக்கொள்வான். அவன் உடம்பும் கரும்பாகிவிடும். வண்டி ஏறும்போதே பாபா ஜன்னலில் தலையை நீட்டுவார்.

"பாட்டீல், நீங்க கரும்பா? பிழிஞ்சா சாறு வருமா? இறங்குங்க."

ஆலை மேலாளர் ஒருவர் முள்ளை இந்தப் பக்கம் கொஞ்சம் நகர்த்தச் சொன்னபோது, "சாவி இதோ இருக்கு சாகேப், நீங்களே உக்காந்து நகர்த்துங்க" என்று எழுந்து வெளியே போய் நின்றாராம். மேலாளர் உட்காரவில்லை. ஊரில் அவரைக் 'காட்டேவாலே' என்பார்கள். தராசுக்காரர். வேறு சொத்து அவருக்கு இருந்ததாகச் சொல்ல முடியாது.

ஓய்வுக்கு இரண்டு வருடம் இருக்கும்போதே வேலையை விட்டார். "கம்ப்யூட்டர் வந்துடுச்சு, இனி நான் எதுக்கு?" என்றார். கம்ப்யூட்டர் வந்து ஆறு வருடம் ஆகியிருந்தது. எனக்கு அது உறைக்கவில்லை. ஸ்கூட்டரை விற்றார். சர்க்கரை நோய்க்கு நடப்பது நல்லது என்றார். சுவரோரமாகவே நடப்பார்.

கையில் பணம் வந்ததும் கார் பேச்சு வந்தது. கொண்டுவந்தவர் பாபாவின் தம்பி, சர்ஜேராவ் காகா. அண்ணன் பாபா அவருக்குத் தாதா, என் அம்மா ஆயி அவருக்கு வஹினி.

"தாதா, பணத்த பேங்குல வெச்சு பூஜை பண்ணப் போறியா? வஹினிய இன்னும் எத்தனை நாள் எஸ்.டி. பஸ்ல இடிபட விடுவே? இடுப்பு வலி வேற அவங்களுக்கு."

"பாக்கலாம் சர்ஜா. நல்லது கெட்டது பாக்கணும்ல."

"நீ ஓட்டு. முடியலேன்னா நம்ம சம்பத் ஓட்டுவான். அவன் யாரு, வேத்தாளா?"

சம்பத் காகாவின் மகன். கார் வந்தால் அது யார் வாசலில் நிற்கும் என்று ஊருக்கே தெரியும்.

பாபா என்னிடம் கேட்டார். நான் புனேயில், கார்களில் முன்கண்ணாடிக்குப் பின்னால் பொருத்துகிற கேமராவைச் சோதிக்கும் வேலையில் இருக்கிறேன். சாலையோரத்திலிருந்து ஒரு ஆள் குறுக்கே வந்தால் அது எந்தக் கோணம்வரை பார்க்கும், எங்கே பார்க்காது என்று அளப்பது. இந்த வேலை தெரிந்தவன் அப்பாவுக்குக் கார் தேர்ந்தெடுப்பது பெரிய விஷயமா? அட்டவணை போட்டேன். ஆறு கார்கள், இருபத்துமூன்று வரிகள். தரையிலிருந்து உயரம், டிக்கியின் கொள்ளளவு, எரிபொருள், பழுதுச் செலவு, திரும்ப விற்றால் என்ன வரும். ஒவ்வொரு வரிக்கும் எவ்வளவு முக்கியம் என்று ஓர் எண். கூட்டினால் விடை.

போனில் வாசித்துக் காட்டச் சொன்னார். வாசித்தேன்.

"இந்த எடையெல்லாம் யார் போட்டது?"

"நான்தான் பாபா."

"திரும்ப விக்கிற விலைக்கு அஞ்சா? வாங்கறதுக்கு முன்னாடியே விக்கறதப் பத்தி யோசிக்கறவன் எதுக்கு வாங்கணும்? ரெண்டு போடு."

ரெண்டு போட்டால் வேறு கார் முதலில் வந்தது. அடுத்த மாதம் இன்னொரு வரிக்கு எடையை மாற்றச் சொன்னார். வேறொன்று வந்தது. கேஸில் ஓடுவதில் டிக்கி முழுக்க சிலிண்டர். பெட்ரோலுக்குச் செலவு. உயரமானது காற்றில் ஆடும். தாழ்வானது எங்கள் தெரு மேட்டில் தட்டும். மூன்று வருடம். கடைசியில் எனக்கு அருவருப்பே வந்துவிட்டது. ஒரு மனிதன் மனைவியின் இடுப்பு வலியை வைத்துக்கொண்டு இவ்வளவு நேரம் கணக்கு பார்ப்பானா என்று. ஒரு தடவை அதைச் சொல்லியும்விட்டேன்.

"உங்களுக்கு வாங்கறது பிடிக்கலை. தள்ளிப் போடறதுதான் பிடிச்சிருக்கு."

"ஆமா" என்றார். போனை வைத்துவிட்டார்.

கராடில் கார் கடைக்கு நான்கு முறை கூட்டிப்போனேன். கடைசி முறை இருந்த விற்பனைப் பையனுக்குக் கழுத்துப்பட்டை, நெற்றியில் வியர்வை.

"சார், சன்ரூஃப் இருக்கு சார்."

"அதுல என்ன தெரியும்?"

"வானம் சார்."

"அது எங்க வாசல்லயே தெரியுது. காலி எடை எவ்வளவு?"

"மைலேஜ் இருபது சார்."

"மைலேஜ் கேக்கல. வண்டி மட்டும், ஆள் இல்லாம, எவ்வளவு?"

பையன் இன்னொருவனைக் கேட்டான். அவன் மேனேஜரைக் கேட்டான். மூன்று பேரும் சேர்ந்து எங்களுக்கு டீ கொடுத்தார்கள். பாபா ஒரு முறைகூட ஓட்டுநர் இருக்கையில் உட்காரவில்லை. கதவை, கூரையை, சக்கரத்தைக் கையால் தடவிக்கொண்டே சுற்றி வந்தார். மாடு வாங்கிய பழக்கம் என்று நினைத்துக்கொண்டேன்.

ஆவணி பிறந்த மறுநாள் காலை டீ குடித்துக்கொண்டிருந்தார். டம்ளரைக் கீழே வைக்கவில்லை. மாரடைப்பு. ஆம்புலன்ஸ் பதினைந்து நிமிடத்தில் வந்தது, அதற்குள் முடிந்திருந்தது. வாசலில் நின்று காகா அழுதார். அழுகைக்கு நடுவே, "வீட்டுல ஒரு கார் இருந்திருந்தா..." என்றார்.

பத்தாம் நாள் காரியம், கிருஷ்ணா ஆற்றுப் படித்துறையில். எங்கள் பக்கத்தில் பத்தாம் நாள் என்றால் ஒலிபெருக்கி உண்டு. தேர்தல் நெருங்கினால் இரண்டு உண்டு. ஆலைத் தலைவர் வெள்ளை உடையில் வந்து மைக்கைப் பிடித்தார். "முப்பத்தோரு வருஷம்! ஒரு கிலோ இந்தப் பக்கமும் போகல, அந்தப் பக்கமும் போகல! காட்டேவாலே பார்த்த எடை கடவுள் பார்த்த எடை!" கூட்டத்தில் பாதி விவசாயிகள். தலையாட்டினார்கள், சிலர் உண்மையாகவே அழுதார்கள். அடுத்து பேசியவர் தன் வார்டு சாலையைப் பற்றிப் பேசினார்.

நான் மொட்டைத் தலையும் ஈரத் துண்டுமாகப் பிண்டத்தை வைத்தேன். பக்கத்தில் அவருக்குப் பிடித்த வெங்காய பஜ்ஜி, டீ, அவர் தொப்பி. காகம் பிண்டத்தைத் தொட்டால் போனவருக்கு ஆசை ஏதும் மீதி இல்லை என்று அர்த்தம். தொடவில்லை என்றால் அந்த ஆசை என்ன என்று கண்டுபிடித்து, நிறைவேற்றுவதாக வாக்குக் கொடுக்க வேண்டும். பிண்டத்தின் முன்னால் கொடுத்த வாக்கை எங்கள் பக்கத்தில் யாரும் மீறுவதில்லை. மீறினவன் வீட்டுக்குப் பெண் கொடுக்கமாட்டார்கள்.

காகங்கள் இருந்தன. கருவேல மரத்தில் ஏழு. ஒன்றும் இறங்கவில்லை.

"ஆயியப் பாத்துக்கறேன்னு சொல்லு ஷிரீஷ்" என்றாள் அத்தை. சொன்னேன்.

"வயல விக்கமாட்டேன்னு சொல்லுடா" என்றார் யாரோ. சொன்னேன்.

இருபது நிமிடம் ஆயிற்று. குருஜிக்குப் பத்தரை மணிக்கு அடுத்த ஊரில் இன்னொரு காரியம். கைபேசியைப் பார்த்துக்கொண்டே, "தர்ப்பையில காகம் பண்ணித் தொட வெச்சுடலாமா?" என்றார்.

"இருங்க குருஜி!" காகா எழுந்தார். "எல்லாருக்கும் தெரிஞ்ச விஷயத்த ஏன் மூடி மறைக்கணும்? மூணு வருஷமா என் அண்ணன் வாயில வேற என்ன பேச்சு இருந்துச்சு? கார்!"

கூட்டம் ஆமாம் ஆமாம் என்றது. ஊரில் பாபாவிடம் கார் பற்றி யோசனை சொல்லாதவர் யாருமில்லை. அத்தனை பேரும் இப்போது சாட்சி.

"சொல்லுடா ஷிரீஷ். வாங்கறேன்னு சொல்லு."

அந்த ஈரத் துண்டோடு, என் அப்பாவின் சோற்று உருண்டைக்கு முன்னால், இவர் மகன் ஓட்டப்போகிற காருக்கு நான் வாக்குக் கொடுக்க வேண்டும்.

"புனே பையனுக்கு வாய் வராது, நான் சொல்றேன்." காகா கைகூப்பினார். "தாதா! தசராவுக்குள்ள கார் வாங்கறோம்! நிம்மதியா போ!"

பெண்கள் பக்கத்திலிருந்து ஆயி எழுந்து வந்தாள். அவள் எழுவாள் என்று யாரும் எதிர்பார்க்கவில்லை.

"அஹோ," என்றாள் பிண்டத்தைப் பார்த்து, பாபாவைக் கூப்பிடுகிற அதே குரலில், "கார் வாங்கமாட்டோம். நீங்க போங்க."

காகம் இறங்கியது. பஜ்ஜியைக் கொத்தியது, பிண்டத்தின் மேல் ஏறி நின்றது, பறந்துவிட்டது.

ஆயியை வழிமறிக்க இரண்டு பேர் முன்னால் ஓடியிருந்தார்கள். பிண்டத்தைச் சுற்றி இடம் காலியாயிற்று. காகம் வந்தது. அதற்கு மேல் அதில் ஒன்றுமில்லை. ஆனால் காகா இரண்டு கையையும் தூக்கினார்.

"பாத்தீங்களா! கார்னு சொன்னதும் வந்துச்சு பாத்தீங்களா!"

"ஒத்துக்கிட்டாரு! ஒத்துக்கிட்டாரு!" என்றது கூட்டம். ஆயி சொன்னதை முன்வரிசையில் இருந்தவர்கள் மட்டுமே கேட்டிருந்தார்கள். அவர்களும் டீக்கு நகர்ந்துவிட்டார்கள். படித்துறை முழுக்கக் காகிதக் குவளை.

மத்தியானம் வீட்டில் ஆயியிடம் கேட்டேன். "ஏன் அப்படிச் சொன்னே?"

அவள் அரிசி டின்னுக்குப் பின்னாலிருந்து ஒரு பிளாஸ்டிக் ஃபைலை எடுத்துவந்தாள். சாங்லி கண் மருத்துவமனை, பாபாவின் பெயர். உள்ளே பார்வைப் பரப்பைச் சோதித்த படங்கள், ஒவ்வொரு ஆறு மாதத்துக்கும் ஒன்று. இந்த மாதிரிப் படங்களை நான் தினமும் பார்க்கிறேன், கேமராவுக்கு. முதல் படத்தில் ஓரங்கள் சாம்பல் நிறம். கடைசிப் படம் முழுக்கக் கறுப்பு. நடுவில் ஒரு ரூபாய் நாணயம் அளவு வெள்ளை. கண்ணுக்குள் அழுத்தம் ஏறி நரம்பு செத்துக்கொண்டே வந்திருக்கிறது. முதல் படத்தின் தேதி, அவர் வேலையை விட்டதற்கு மூன்று வாரம் முன்னால்.

"ஓட்ட முடியாதுன்னு சொல்லியிருக்கலாமே ஆயி. வேண்டாம்னு சொல்லியிருக்கலாமே."

"வேண்டாம்னா ஏன்னு கேப்பாங்க. பணம் இருக்கு, ரோடு இருக்கு, பொண்டாட்டிக்கு இடுப்பு வலி. ஏன் வேண்டாம்? பாத்துக்கிட்டு இருக்கேன்னு சொன்னா யாரும் ஏன்னு கேக்கமாட்டாங்க."

"எங்கிட்டயாவது?"

"நீ டாக்டர், ஆபரேஷன்னு கத்துவே. சர்ஜாவுக்குப் போகும். ஊருக்குப் போகும். அப்புறம் என்ன சொல்லுவாங்க, ராஜா? கண்ணு தெரியாதவன் எடை போட்டான்னு சொல்லுவாங்க. கடைசி ரெண்டு மூணு சீசன் கரும்பெல்லாம் பொய்னு சொல்லுவாங்க."

சொல்வார்கள். இன்று காலை தலையாட்டி அழுத அதே ஆட்கள்.

அது தப்பு என்று எனக்குத் தெரியும். இந்த நோய் ஓரத்திலிருந்து தின்று வரும். நடுப்பார்வை கடைசிவரை நிற்கும். எடைக்கருவியின் எண் நடுவில்தான் தெரியும். அவர் படித்த ஒவ்வோர் எண்ணும் சரி. சந்தேகம் வந்த மூன்றாவது வாரமே எழுந்து வந்துவிட்டார். இதைப் படம் வரைந்து எங்கள் ஊர் டீக்கடையில் விளக்க முடியுமா? இதை எழுதலாமா என்று பின்னால் ஆயியைக் கேட்டபோது, "எல்லார் பேரையும் மாத்திடு" என்றாள். மாற்றியிருக்கிறேன்.

அன்று ஃபைலை மூடிவிட்டு ஒன்று கேட்டேன். இருபத்துமூன்று வரிகளில் கேட்காதது.

"உனக்குக் கார் வேணும்னு இருந்துச்சா?"

"இல்லாம என்ன? பஸ்ஸுல ஏறும்போது ஒவ்வொரு தடவையும் இருந்துச்சு." ஃபைலைத் திரும்ப அரிசி டின்னுக்குப் பின்னால் வைத்தாள். "இப்ப நீ வாங்கினா அது சர்ஜா வாங்கினது. வேண்டாம்."

பதின்மூன்றாம் நாள் பூரண் போளிப் பந்தியில் காகா முன்பதிவுப் படிவத்தோடு வந்தார். கராட் கடையின் அதே கழுத்துப்பட்டைப் பையனும் கூட. சாவு வீட்டுக்கு இனிப்புப் பெட்டி கொண்டுவந்திருந்தான்.

"இங்க ஒரு கையெழுத்து, ஷிரீஷ். தசராவுக்கு டெலிவரி. கலர் வஹினி சொல்லட்டும்."

"வாங்கல காகா."

இலைகளில் கை நின்றது.

"காகம் தொட்டுச்சுடா. ஊரே பாத்துச்சு."

"பாத்துச்சு. வாங்கல."

"ஏன்? காரணத்தச் சொல்லு. உன் அப்பன் ஆசையா இல்லையா?"

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். பரிமாறிக்கொண்டிருந்த ஆயியின் கை நெய்க் கரண்டியோடு ஒரு இலைக்கு மேல் நின்றது. காரணம் அரிசி டின்னுக்குப் பின்னால் இருந்தது.

"பணம் செலவழிக்க எனக்கு மனசு வரல, காகா."

"சீ!" என்றார் காகா. இவ்வளவு நேர்மையாக அவர் எதையும் சொல்லி நான் கேட்டதில்லை. "அப்பன் சாம்பல் ஆறல, அதுக்குள்ள வாக்க முழுங்கிட்டான். காட்டேவாலே வயித்துல வந்து பொறந்திருக்கு பாரு!"

மூன்று பேர் பாதி இலையில் எழுந்தார்கள். கார் கடைப் பையன் இனிப்புப் பெட்டியைத் திரும்ப எடுத்துக்கொள்வதா வேண்டாமா என்று தெரியாமல் நின்றான். எடுத்துக்கொண்டான்.

மறுநாள் காலை புனே பஸ்ஸுக்கு நின்றபோது ஆயி கூட வந்தாள். நிறுத்தத்தில் பந்தியிலிருந்து எழுந்த மூவரில் இருவர் இருந்தார்கள். என்னைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பி நிழற்குடையின் மறுபக்கம் போய் நின்றார்கள். ஆயி நேராக அவர்கள் முன்னால் போனாள்.

"ராம் ராம், பாட்டீல்" என்றாள் உரக்க. "ராம் ராம், மானே."

விதவை வலிய வந்து சொன்ன வணக்கத்துக்குப் பதில் சொல்லாமல் இருக்க முடியாது. "ராம் ராம், வஹினி" என்றார்கள் தரையைப் பார்த்து.

"என் பையனுக்கும் சொல்லுங்க" என்றாள் ஆயி. அவர்கள் சொல்லும்வரை அங்கேயே நின்றாள்.