வெள்ளிக்கிழமைப் புழு

நான் வேலை செய்யும் மொண்டெல்லோ கடற்கரை உணவகத்தில் எனக்குக் கிடைத்த ஓய்வுநாள் வெள்ளிக்கிழமை. வீட்டில் வெள்ளிக்கிழமை என்றால் விரதம், மரக்கறிச் சாப்பாடுதான். பாஸ் என்ற ஏரிமீனைத் தூண்டிலில் பிடிக்கும் பைத்தியம் உள்ளவனுக்கு இதைவிடப் பொருந்தாத நாள் கிடையாது. அதற்கும் ஒரு நியாயம் கண்டுபிடித்தேன். என் தூண்டிலில் இரை ரப்பர் புழு, அதற்கு உயிர் இல்லை. பிடித்த மீனையும் ஏரியிலேயே விட்டுவிடுகிறேன். பிறகென்ன குறை?

இத்தாலியின் பலெர்மோ நகருக்கு வெளியே, மலைப்பக்கத்து ஏரி அது. தண்ணீர் தெளிந்திருந்தால் பச்சைப் புழு, கலங்கியிருந்தால் கறுப்பு. தூண்டில் முள்ளைப் புழுவின் தலையில் குத்தி வெளியே எடுத்து, திருப்பி, கூர்முனையை அதன் உடம்புக்குள் மறைத்துவிடுவேன். அப்போதுதான் பாசியில் சிக்காது. மீன் கவ்வும்போது மட்டும் கூர் வெளியே வரும்.

ஒரு வெள்ளிக்கிழமை மனைவியும் கூட வந்தாள். நான் விடப்போன மீனின் உதட்டில் இரத்தத்தைக் கண்டுவிட்டாள்.

"நீங்கள் விரதம், சரி. அந்த மீனும் இண்டைக்கு விரதமோ?"

எனக்கு எரிச்சல் வந்தது. "விடத்தானே போறன்."

"ஓம், வாயைக் கிழிச்சுப்போட்டு."

மீனைத் தண்ணீரில் விட்டுவிட்டுத் தூண்டிலைச் சுருட்டினேன்.

அடுத்த வெள்ளிக்கிழமை முள்ளின் கூர்முனையைக் குறட்டால் நறுக்கிவிட்டுத்தான் புழுவைக் கோத்தேன். இப்போதும் அப்படித்தான். புழு மெத்தென்று இருப்பதால் மீன் உடனே துப்புவதில்லை. நூல் மெல்ல இழுபடும். மீன் தானாகப் புழுவைத் துப்பும்வரை நான் அசையாமல் நிற்பேன்.

முன்பு மீனை நான் விட்டேன். இப்போது மீன் என்னை விடுகிறது.